ஆபிரகாம் லிங்கனைத் தனியே விடாத நண்பர்கள்

தன்முனைப்பு முகாம்களில் ஆபிரகாம் லிங்கனின் பெயர் வராமல் இருப்பது அபூர்வம். வியாபாரத்தில் தோற்றார், தேர்தலில் தோற்றார், மறுபடியும் தோற்றார், கடைசியில் அமெரிக்காவின் 16-ஆவது அதிபரானார் என்று பேச்சாளர்கள் ஒரு பட்டியலை அடுக்குவார்கள். அந்தப் பட்டியலின் நடுவே, மனம் உடைந்து கிடந்தார் என்று ஒரு வரியும் உண்டு. அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த தோல்விக்குப் போய்விடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தனியாளாக எழுந்து நின்றவர் லிங்கன் என்ற எண்ணமே கேட்பவர் மனத்தில் தங்கும்.

நடந்தது அப்படியல்ல. இளம் வயதில் லிங்கன் இரண்டு முறை உயிரே வேண்டாம் என்ற நிலைக்குப் போனார். இரண்டு முறையும் அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட மனிதர்கள் இருந்தார்கள். தமக்கு உதவி தேவை என்பதை லிங்கனும் மறைக்கவில்லை. மனச்சோர்வு என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் நோயின் அடையாளங்கள் பல அவருடைய வாழ்க்கையில் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் காலத்தில் அதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆனால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது எப்படி என்று அவருடைய நண்பர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒன்பது வயதில் தாயை இழந்தவர்

லிங்கன் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளால் கட்டிய ஓர் அறை வீட்டில் பிறந்தார். தந்தை தாமஸ் விவசாயி. தச்சு வேலையும் தெரிந்தவர். லிங்கனுக்குப் பிறகு பிறந்த தம்பி குழந்தையிலேயே இறந்துவிட்டான். 1816-இல் குடும்பம் இண்டியானா காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே 1818-இல் 'பால் நோய்' என்று அழைக்கப்பட்ட ஒரு நோய் பரவியது. காட்டில் வளர்ந்த ஒரு நச்சுச் செடியை மாடுகள் மேய, அவற்றின் பாலைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். லிங்கனின் தாய் நான்சி அக்டோபர் 5-ஆம் தேதி இறந்தார். தந்தை சவப்பெட்டி செய்ய, ஒன்பது வயது லிங்கன் அதற்கு மர ஆணிகளைச் செதுக்கிக் கொடுத்ததாகக் குடும்பத்தார் பின்னாளில் சொன்னார்கள். மறு ஆண்டு தந்தை மறுமணம் செய்துகொண்டார். சிற்றன்னை சாரா, லிங்கனைச் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார். அவர் படிப்பதற்கும் துணை நின்றார். ஆனால் 1828-இல் லிங்கனின் ஒரே அக்காள் பிரசவத்தில் இறந்துபோனார். அப்போது லிங்கனுக்கு 18 வயது.

மனச்சோர்வுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியாது. சிலருக்கு அது குடும்ப வழியில் வரும். சிறு வயதில் ஏற்பட்ட இழப்புகள் அதற்கு வழி வகுக்கும். பணக் கஷ்டம், வேலைப்பளு, தூக்கமின்மை போன்றவை அதைக் கிளப்பிவிடும். லிங்கனிடம் இவை எல்லாமே சேர்ந்திருந்தன. அவருடைய தந்தை வழி உறவினர் சிலரும் அடிக்கடி மனம் சோர்ந்துபோகிறவர்கள் என்று அவர்களை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நியூ சேலத்தில் வந்த முதல் அடி

22 வயதில் லிங்கன் இல்லினாய்ஸ் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். கூட்டாளியோடு ஒரு மளிகைக் கடை நடத்தினார். கடை நொடித்தது. கூட்டாளியும் இறந்துவிட, சுமார் 1,100 டாலர் கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் அது மலைபோன்ற தொகை. தபால் அதிகாரியாகவும் நில அளவையாளராகவும் வேலை செய்துகொண்டே அவர் சட்டமும் படித்தார். 1834-இல் மாநிலச் சட்டமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வூரில் தங்கும் விடுதி நடத்தியவரின் மகள் ஆன் ரட்லெஜ். லிங்கன் அவர் மீது அன்பு வைத்திருந்தார். 1835 ஆகஸ்ட் 25-ஆம் தேதி ஆன் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வயது 22. இருவருக்கும் திருமணப் பேச்சு எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதில் வரலாற்று ஆசிரியர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், அந்த மரணத்துக்குப் பிறகு லிங்கன் எப்படி மாறிப்போனார் என்பதை ஊரார் பலர் ஒரே மாதிரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அவர் காட்டில் தனியே அலைந்தார். யாரோடும் சரியாகப் பேசவில்லை. மழை பெய்தால், ஆனின் கல்லறை மீது அது விழுவதை நினைத்துத் தவித்தார். சாவைப் பற்றிப் பேசினார். இவர் ஏதாவது செய்துகொள்வாரோ என்று ஊரே பயந்தது.

அந்த ஊரில் மருத்துவமனை கிடையாது. ஊரார் அவர் மீது கண் வைத்திருந்தார்கள். உள்ளூர் நீதிமன்ற நடுவராக இருந்த பௌலிங் கிரீன், லிங்கனைத் தம் வீட்டுக்கே அழைத்துப் போனார். அவரும் அவர் மனைவி நான்சியும் ஓரிரு வாரங்கள் லிங்கனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெரிய அறிவுரை எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. சாப்பாடு போட்டார்கள், தூங்க இடம் கொடுத்தார்கள், தனியே விடாமல் இருந்தார்கள். நம் தோட்டங்களில் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, கூடவே உட்கார்ந்திருப்பார்களே, அதைத்தான் அந்தத் தம்பதியர் செய்தார்கள். லிங்கன் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினார்.

படுக்கை வாங்கப் பணமில்லாத வழக்கறிஞர்

1837 ஏப்ரல் மாதம் லிங்கன் வழக்கறிஞர் தொழில் செய்ய ஸ்பிரிங்ஃபீல்ட் நகருக்கு வந்தார். ஒரு கடைக்குள் நுழைந்து மெத்தை, போர்வை எல்லாம் என்ன விலை என்று கேட்டார். 17 டாலர் என்றார் கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீட். அவ்வளவு பணம் கையில் இல்லை, கிறிஸ்துமஸ் வரை கடன் தர முடியுமா என்று லிங்கன் வாடிய முகத்தோடு கேட்டார். அந்த முகத்தைப் பார்த்த ஸ்பீட், மாடியில் தம்முடைய பெரிய கட்டில் இருக்கிறது, அதிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார். லிங்கன் மாடிக்குப் போய்த் தம் பைகளை வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். வசதி குறைந்த அந்தக் காலத்தில் ஆண்கள் ஒரே படுக்கையைப் பகிர்ந்துகொள்வது சாதாரணம். இருவரும் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தார்கள்.

அந்த நட்பின் அருமை 1841 ஜனவரியில் தெரிந்தது. அப்போது பல அடிகள் ஒரே நேரத்தில் விழுந்தன. மேரி டாட் என்ற பெண்ணோடு லிங்கனுக்கு இருந்த திருமண உறுதி முறிந்தது. தந்தை இறந்துவிட்டதால் ஸ்பீட் கடைப் பங்கை விற்றுவிட்டுச் சொந்த ஊரான கென்டக்கிக்குத் திரும்பத் தயாரானார். லிங்கன் முன்னின்று ஆதரித்த இரயில் பாதை, கால்வாய்த் திட்டங்கள் சரிந்து, இல்லினாய்ஸ் மாநிலமே கடனில் மூழ்கியிருந்தது.

லிங்கன் படுத்துவிட்டார். சுமார் ஒரு வாரம் சட்டமன்றத்துக்கே போகவில்லை. உடல் இளைத்தது. குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. ஊரில் சிலர் பரிதாபப்பட்டார்கள். சிலர் கடிதங்களில் எழுதிக் கேலியும் செய்தார்கள்.

ஸ்பீட் கேலி செய்யவில்லை. அறையில் இருந்த சவரக் கத்திகளையும் மற்றக் கத்திகளையும் எடுத்து அப்புறப்படுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து, இப்படியே போனால் நீ பிழைக்க மாட்டாய் என்று நேராகவே சொன்னார். லிங்கனும் மனம் திறந்து பேசினார். சாவதற்குத் தமக்குப் பயமில்லை. ஆனால் தாம் வாழ்ந்ததை ஒருவர்கூட நினைத்துப் பார்க்கும்படி எதையும் இன்னும் செய்யவில்லையே என்பதுதான் வருத்தம் என்றார். அந்தச் சிறு இழையை ஸ்பீட் கடைசி வரை மறக்கவில்லை.

உதவி கேட்க வெட்கப்படாதவர்

லிங்கனை அப்போது பார்த்த மருத்துவர் அன்சன் ஹென்றி. அக்காலத்தில் இந்த நோய்க்கு மருத்துவர்கள் இரத்தம் எடுப்பார்கள், பேதி மருந்து கொடுப்பார்கள், பாதரசம் கலந்த மாத்திரை கொடுப்பார்கள். இவற்றால் நோயாளி மேலும் துவண்டுபோவதே வழக்கம். ஆனால் ஹென்றியின் துணை தமக்குத் தேவை என்பதை லிங்கன் உணர்ந்திருந்தார்.

ஜனவரி 20-ஆம் தேதி, வாஷிங்டனில் இருந்த தம் தொழில் கூட்டாளி ஜான் ஸ்டுவர்ட்டுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஸ்பிரிங்ஃபீல்ட் தபால் அதிகாரி வேலையை ஹென்றிக்கு வாங்கித் தரும்படி அதில் கேட்டார். வேலை கிடைக்காவிட்டால் ஹென்றி ஊரை விட்டுப் போய்விடுவார். அவர் இல்லாமல் தம்மால் உயிர்வாழ முடியாது போலிருக்கிறது என்பதே லிங்கன் சொன்ன காரணம். மூன்று நாள் கழித்து எழுதிய இன்னொரு கடிதத்தில், உயிரோடு இருப்பவர்களில் தம்மைவிட வேதனைப்படுபவர் எவருமில்லை என்றும், தேறுவோமா என்பதே தெரியவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதினார். சின்சினாட்டி நகரில் புகழ்பெற்றிருந்த மருத்துவர் டேனியல் டிரேக்குக்கும் தம் நிலையை விவரித்து எழுதினார். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது என்று டிரேக் பதில் அனுப்பினார்.

அவர் அப்போது ஒரு சட்டமன்ற உறுப்பினர். கட்சியில் வளர்ந்து வந்த தலைவர். இப்படி எழுதினால் பெயர் கெட்டுவிடுமே என்று நினைத்திருந்தால் அந்தக் கடிதங்கள் எழுதப்பட்டிருக்கவே மாட்டா.

நண்பனின் வீட்டில்

1841 ஆகஸ்டில் லிங்கன், ஸ்பீடின் குடும்ப வீட்டுக்குப் போனார். லூயிவில் நகருக்கு அருகே ஃபார்மிங்டன் என்ற பெரிய பண்ணை அது. சில வாரங்கள் அங்கே தங்கினார். காலாற நடந்தார், ஸ்பீடின் அண்ணனோடு சட்டம் பேசினார். லிங்கனின் வாட்டத்தைக் கவனித்த ஸ்பீடின் தாய், அவருக்கு ஒரு பைபிளைப் பரிசாகக் கொடுத்தார். அந்த அன்பை லிங்கன் மறக்கவில்லை. அதிபரான பிறகு தம் புகைப்படத்தில் கையெழுத்திட்டு அந்த அம்மாவுக்கு அனுப்பினார்.

அந்தப் பண்ணையில் சணல் பயிரிட்டவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின அடிமைகள். லிங்கனுக்கு ஆறுதல் தந்த அதே வீடு அவர்களுடைய உழைப்பில்தான் நின்றது. ஊர் திரும்பும்போது லிங்கனும் ஸ்பீடும் ஏறிய நீராவிக் கப்பலில், 12 அடிமைகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். அந்தக் காட்சி தம்மை இடைவிடாமல் வதைத்ததாக, 14 ஆண்டுகள் கழித்து லிங்கன் ஸ்பீடுக்கே எழுதினார். அடிமை முறை விஷயத்தில் இருவரும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. நட்பும் கடைசி வரை முறியவில்லை.

சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. ஸ்பீடுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மணமகள் மீது உண்மையில் அன்பு இருக்கிறதா என்று குழம்பி, இப்போது ஸ்பீட் மனம் கலங்கினார். 1842-இன் தொடக்கத்தில் லிங்கன் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இந்தக் கலக்கம் உன் குணத்தின் குறையல்ல. இளகிய நரம்புகள் உள்ளவர்களுக்கு இப்படி வரும். மோசமான வானிலையும், செய்வதற்கு வேலை இல்லாததும், நண்பர்களோடு பேச்சு இல்லாததும் அதைக் கூட்டும். சும்மா இருக்காதே, ஏதாவது வேலையில் இறங்கு, நண்பர்களோடு இரு. இவைதாம் அந்தக் கடிதங்களின் சாரம். பிப்ரவரி 15-ஆம் தேதி ஸ்பீடின் திருமணம் நடந்தது. அவர் நிம்மதியாக இருக்கிறார் என்று அறிந்த லிங்கன் பெரிதும் மகிழ்ந்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி லிங்கனும் மேரி டாட்டைத் திருமணம் செய்துகொண்டார்.

நோய் போகவில்லை, வாழ்க்கை நின்றுவிடவுமில்லை

அதன் பிறகு லிங்கன் முழுக்கக் குணமாகிவிட்டார் என்று சொன்னால் அது பொய். வழக்குகளுக்காக ஊர் ஊராகப் போன நாட்களில், விடியுமுன்பே எழுந்து தமக்குத் தாமே முணுமுணுத்தபடி அவர் உட்கார்ந்திருந்ததைச் சக வழக்கறிஞர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே மனிதர்தான் மாலையில் வேடிக்கைக் கதை சொல்லிக் கூட்டத்தையே சிரிக்கவைப்பார். சிரிப்பு அவருக்கு மருந்து. பல ஆண்டுகள் பாதரச மாத்திரையும் சாப்பிட்டார். அது தம்மைச் சிடுசிடுப்பாக்குகிறது என்று அதிபரான சில மாதங்களில் நிறுத்திவிட்டார்.

இரண்டாவது மகன் எடி 1850-இல் மூன்று வயதில் இறந்தான். 1862 பிப்ரவரி 20-ஆம் தேதி, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மகன் வில்லி 11 வயதில் வெள்ளை மாளிகையிலேயே காய்ச்சலில் இறந்தான். மேரி படுக்கையை விட்டு எழவில்லை. கடைசி மகன் டேடும் நோயில் கிடந்தான். அவர்களைப் பார்த்துக்கொள்ள ரெபேக்கா பாம்ராய் என்ற தாதி வந்தார். அவர் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தை எப்படித் தாங்கினீர்கள் என்று ஒரு நாட்டின் அதிபர் அந்தத் தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்; அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அதே ஆண்டு டிசம்பரில், பழைய நண்பர் வில்லியம் மெக்கல்லா போரில் மாண்டார். அவருடைய மகள் ஃபேனி அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பதாக லிங்கன் கேள்விப்பட்டார். ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில் அவருடைய படை பெருந்தோல்வி கண்டு சில நாட்களே ஆகியிருந்தன. அந்த நெருக்கடியிலும், டிசம்பர் 23-ஆம் தேதி அந்தப் பெண்ணுக்குத் தம் கையாலேயே ஒரு கடிதம் எழுதினார்.

மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதியதாகத் தமிழில் ஒரு கடிதம் பரவலாக உலவுகிறது. பள்ளி மேடைகளிலும் அதை வாசிப்பார்கள். அது அவர் எழுதியதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஃபேனிக்கு எழுதியதோ உண்மையானது. துயரம் எல்லாருக்கும் வரும், இளம் வயதினரை அது எதிர்பாராத நேரத்தில் தாக்குவதால் வலி அதிகம் என்று அதில் எழுதினார். உடனே ஆறுதல் கிடைத்துவிடும் என்று பொய் சொல்லவில்லை; காலம்தான் ஆற்றும் என்றார். இனி எந்நாளும் நன்றாக இருக்கப்போவதில்லை என்று இப்போது உனக்குத் தோன்றும். ஆனால் அது தவறு, நீ மீண்டும் மகிழ்ச்சியாக இருப்பாய், இதை அனுபவத்தில் அறிந்து சொல்கிறேன் என்ற பொருளில் எழுதினார். மனம் இருண்டு கிடக்கும்போது, அந்த இருட்டு முடியவே முடியாது என்று தோன்றுவதும் நோயின் ஒரு பகுதிதான். அதைக் கடந்து வந்த ஒருவர் சொல்லும்போதுதான் நம்பிக்கை பிறக்கிறது.

1863 ஜனவரி முதல் தேதி, கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். பின்பு ஸ்பீடைச் சந்தித்தபோது, 1841-இல் அந்த அறையில் தாம் சொன்னதை நினைவுபடுத்தினார். தம் பெயர் நினைவில் நிற்கும்படி ஒன்றைச் செய்துவிட்டதாக நம்புகிறேன் என்றார். 1865 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு நாடக அரங்கில் சுடப்பட்டு, மறுநாள் காலை தம் 56-ஆவது வயதில் இறந்தார். ஒரு கடைக்காரர் 1841-இல் கத்திகளை எடுத்து மறைத்ததால் கிடைத்த 24 ஆண்டுகளில்தான் இவ்வளவும் நடந்தது.

நம் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருப்பது, பிடித்த காரியத்திலும் நாட்டம் போய்விடுவது, தூக்கமும் பசியும் கெடுவது, காரணமின்றிக் களைப்பது, நாம் இருந்து என்ன பயன் என்று பேசுவது ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். சோம்பேறித்தனம் என்றோ, காற்றுக் கருப்பு என்றோ ஒதுக்கிவிடக்கூடாது. லிங்கனின் காலத்தில் பாதரச மாத்திரைதான் இருந்தது. இன்று பயனுள்ள மருந்துகள் உண்டு, மனநல ஆலோசனை உண்டு. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலேயே தொடங்கலாம்.

கிரீன் தம்பதியரும் ஸ்பீடும் செய்ததை எவரும் செய்யலாம். தனியே விடாமல் பக்கத்தில் இருப்பது, குறுக்கிடாமல் கேட்பது, ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்துவது, மருத்துவரிடம் கூட்டிப்போவது. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டால், அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பது பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கும். போலீஸ் வழக்கு வருமே என்ற பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதும் சட்டத்தைச் சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் நீக்கிவிட்டன.

மலேசியாவில் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி 15555. சிங்கப்பூரில் சமாரித்தன்ஸ் அமைப்பு 1767. லிங்கன் கடிதம் எழுதிப் பதிலுக்காகக் காத்திருந்தார். இன்று ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.